‘பிறகு’ என்றொரு பொத்தான்

அத்தியாயம் 17

போன வாரம் லாரியிலிருந்து இறங்கிய பழைய எம்பிராய்டரி மெஷினை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதை இறக்கி உள்ளே தள்ளுவதற்குள் வேலம்பாளையத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். "மருமக பேச்சக் கேட்டு சுப்பண்ணன் வாங்கிப் போட்டிருக்காரு" என்று ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டுத்தான் கலைந்தார்கள்.

அந்த மருமகள்தான் யாழினி. கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கம்ப்யூட்டர் படித்தவள். சமையலறையிலிருந்து புறப்பட்டு கம்பெனி ஆபீஸ் நாற்காலிக்கு வந்து சேர அவள் பட்ட பாட்டைத்தான் இத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நாற்காலி கிடைத்துவிட்டது, நிலைக்கவில்லை. மாமனார் சுப்பண்ணன் கறாராக ஒன்று சொல்லியிருந்தார்.

"இந்த ஒரு ஆர்டரப் பாப்போம் அம்மிணி. நல்லபடியா வந்துச்சுன்னா ஆபீஸ் உன்ற பொறுப்பு. வரலீன்னா மிசினக் குடுத்துப்போடலாம். நீயும் ஊட்டப் பாத்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர். அதனால் அந்தச் சிரிப்பு யாழினிக்குத் துளியும் ஆறுதலாக இல்லை.

ஆர்டர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு. குழந்தைகள் பனியன், நெஞ்சில் குடை பிடித்த ஒரு வாத்து. அந்த வாத்தை யாழினி கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் போட்டு முடித்திருந்தாள். அலகு ஒரு பக்கம் கோணாமல் வருவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. விஜயதசமி காலையில் மெக்கானிக் வந்து கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் கேபிள் போடுவார். வாத்து கேபிள் வழியாக மெஷினுக்குப் போகும். யாழினியின் கணவன் சசிகுமார் மெஷினில் உட்காருவான். சாயங்காலக் கூரியரில் சாம்பிள் கிளம்பிவிடும்.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு ஓட்டை. வாத்து வரையும் சாப்ட்வேர் அசல் அல்ல. அசலின் விலையைக் கேட்டுவிட்டு சுப்பண்ணன் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டதால், கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் முனீஸ் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். அதில் எல்லா வேலையும் நடக்கும். சேவ் மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கண்ணெதிரே மூடிக்கொள்ளும். வரைந்தது அத்தனையும் போகும்.

"கம்ப்யூட்டர அணைக்காதீங்கக்கா. அணைக்காம இருந்தா அது பாட்டுக்கு அப்படியே இருக்கும்" என்பது முனீஸ் சொன்ன வைத்தியம்.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் எடுக்கும்வரை யு.பி.எஸ். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அணைக்கக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது.

இந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது.

திருப்பூரில் அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடாது. வருடம் முழுக்கக் காதைக் கிழிக்கிற தெருக்கள் அன்று ஒரு நாள்தான் வாயை மூடும். யாழினி காலையிலேயே குளித்து, தலையில் ஈரத்துண்டோடு ஆபீஸைத் திறந்தாள். கும்பல் கூடுவதற்குள் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்துவிடலாம் என்று நினைத்து மானிட்டரைப் போட்டாள்.

வாத்து இருந்தது. வாத்தின் தலை தெரியவில்லை. அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

அப்டேட் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் வேலை முழுசாகும், ஐந்து நிமிடத்தில் தானே அணைத்துப் போட்டுக்கொள்ளும் என்று ஆங்கிலத்தில் ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தது. கீழே ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. முக்கால் தூரம் ஓடியிருந்தது. கோட்டுக்கு அடியில் இரண்டு பொத்தான்கள். இடது பக்கம் ‘இப்போதே’. வலது பக்கம் ‘பிறகு’.

யாழினி துண்டு நழுவி விழுந்ததைக்கூட கவனிக்காமல் மவுசைப் பிடித்து ‘பிறகு’வை அழுத்தினாள். பெட்டி மறைந்தது. வாத்தின் தலை திரும்பி வந்தது.

இது எங்கிருந்து முளைத்தது என்று அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. பையர் என்கிற அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் மெயிலுக்காக சசிகுமார் புதிதாக பிராட்பேண்ட் லைன் வாங்கிப் போட்டிருந்தான். அன்று முதல் திரையின் வலது ஓரத்தில் மஞ்சள் கேடயம் ஒன்று எட்டிப் பார்த்து, ‘அப்டேட் வந்திருக்கிறது, அப்டேட் வந்திருக்கிறது’ என்று நச்சரித்துக்கொண்டே இருந்தது. கொசுவை விரட்டுவதுபோல அவளும் விரட்டிக்கொண்டே இருந்தாள். லைனும் அணையவில்லை, கம்ப்யூட்டரும் அணையவில்லை. ஊரே தூங்கும்போது அது கேட்காமலே எல்லாவற்றையும் இழுத்து, சற்று முன்தான் ஏற்றி முடித்திருக்கிறது. இப்போது அணைந்து எழுந்தாக வேண்டும் என்று நிற்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே பெட்டி, அதே கோடு. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது. இது போகிற விருந்தாளி இல்லை என்று அப்போது தெரிந்தது.

முனீஸுக்குப் போன் போட்டாள். அவன் பூஜை லீவுக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தான். ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினான்.

"அதுவாக்கா? அத நிப்பாட்ட உள்ள ஒரு எடம் இருக்கு. ஆனா நீங்க தொட்டுறாதீங்க. போன மாசம் காதர்பேட்டையில ஒரு கடையில அத நிப்பாட்டப் போயி மொத்தமும் படுத்துருச்சு. நம்மளுது அசல் இல்ல, காப்பிக்கா. அப்படித்தான்."

"அப்ப நான் என்னதான் பண்றது முனீஸு?"

"லேட்டர்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அத அமுக்கிக்கிட்டே இருங்க. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வரும். விட்டீங்கன்னா அதுவே அணைச்சிட்டு எந்திரிக்கும். நாளைக்குக் கேபிள மாட்டி மெசினுக்கு அனுப்பிச்சிட்டீங்கன்னா, அப்புறம் அது என்ன ஆனா நமக்கென்ன?"

"நாளைக் காலைல வரைக்குமா?"

"வேற வழி இல்லக்கா" என்றான். அவன் குரலிலும் பயம் இருந்தது. சி.டி. அவன் கொடுத்ததல்லவா.

வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த சசிகுமாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கையில் இருந்த கயிற்றோடு வந்து திரையைப் பார்த்தான்.

"அமுத்திட்டே இருக்கலாம். அது ஒன்னும் பெரிய காரியம் இல்ல" என்றான். பிறகு அவனுக்கே உறைத்தது. "பொட்டு வெக்கற வரைக்கும் தொடலாம். கற்பூரம் காட்டுனதுக்கப்பறம் என்ன பண்றது?"



மற்ற வீடுகளில் இது ஒரு பேச்சாகவே இருக்காது. சும்மா ஒரு தட்டு தட்டிவிட்டு, சாமி கண்ணை மூடிக்கொள்ளும் என்று போய்விடுவார்கள். இந்த வீட்டில் அது முடியாது. பூஜை போட்ட எதையும் விஜயதசமி காலைவரை யாரும் தொடக் கூடாது. இது சின்னாத்தாளின் சட்டம். யாழினியின் மாமியார் சின்னாத்தாள் அதிகம் பேசாதவள், எதற்கும் வாயடிக்காதவள். இந்த ஒன்றில் மட்டும் அவளை அசைக்க முடியாது. சுப்பண்ணனின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஒரு ஆயுத பூஜையன்று, அவசர ஆர்டர் என்று பூஜை போட்ட கட்டிங் மெஷினை அவர் ஓட்டினார். அதில் போனது என்பதுதான் யாழினிக்குத் தெரிந்த கதை. அவர் எப்போதும் அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்திருப்பார்.

யாழினி சந்தனம் கரைத்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் நின்றாள்.

"அத்தை, கம்ப்யூட்டருக்குப் பூஜை வேண்டாமுங்களே. அது மிசின் இல்லீங்களே. டிவி மாதிரிதானுங்க."

சின்னாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டிவி மாதிரியா? இந்த ஆர்டரே அதுக்குள்ளதான் இருக்குதுன்னு நீதான கண்ணு சொன்ன? ஊசி நூலுக்கெல்லாம் பொட்டு வெச்சுப்போட்டு அத மட்டும் உட்டா நல்லாருக்குமா?"

யாழினி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘சி.டி.ய நம்பி ஒரு வார வேலைய வெச்சிருக்கியா’ என்ற கேள்வி வரும் என்று பயந்தாள். பயந்தவள் செய்கிற காரியத்தைச் செய்தாள்; பேசாமல் திரும்பி வந்தாள்.

பூஜை தொடங்கியது. சுப்பண்ணன் கற்பூரத் தட்டோடு கட்டிங் டேபிளில் ஆரம்பித்து, தையல் மெஷின் வரிசையைத் தாண்டி, புதிதாக வந்த எம்பிராய்டரி மெஷினுக்குக் காட்டி, கடைசியாக ஆபீஸுக்கு வந்தார். பின்னால் வேலையாட்களும் பிள்ளைகளும். யாழினி சற்று முன்தான் ஒரு தடவை ‘பிறகு’வை அழுத்தியிருந்தாள். சின்னாத்தாள் மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். கீபோர்டுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று. ஒரு முழம் பூவைக் குறுக்கே போட்டாள். மணி அடித்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாழினி சாமி கும்பிடவில்லை. ஓரத்தில் இருந்த மஞ்சள் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார்கள். யாழினி மட்டும் நகரவில்லை.

பெட்டி வந்தது.

கோடு ஊரத் தொடங்கியது. அறையில் யாரும் இல்லை. கையை நீட்டினால் முடிந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. நீட்டினாள். மவுசின் மேல் இருந்த குங்குமத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. யாழினி ஒன்றும் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. அவள் பிறந்த வீட்டிலும் புத்தகத்தை அடுக்கிப் பூஜை போட்டால் மறுநாள்வரை தொடமாட்டார்கள். மாமனாரின் இடது கை துண்டுக்குள் இருப்பது அவள் கண்ணில் வந்து நின்றது.

"அங்கென்ன பண்ற அம்மிணி?"

வாசற்படியில் சின்னாத்தாள் நின்றிருந்தாள்.

இனி மறைக்க நேரம் இல்லை. யாழினி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சி.டி., சேவ் கொடுக்க முடியாதது, அப்டேட், இந்தக் கோடு முடிந்தால் வாத்து போய்விடும் என்பது எல்லாம்.

சின்னாத்தாள் கேட்டு முடித்தாள். முகம் வெளிறிவிட்டது.

"தொடாத கண்ணு. ஆரும் தொட வேண்டாம்."

"தொடலீன்னா ஒரு வார வேலை போயிருமுங்க அத்தை. நாளைக்கு சாம்பிள் போகாதுங்க."

"போனா மறுபடி செஞ்சுக்கலாம். வெரல மறுபடி செய்ய முடியாது."

"இது வெட்டற மிசின் இல்லீங்களே."

"பூசை எல்லாத்துக்கும் சேத்திதான் போட்டோம். இதுக்கொரு சாமி, அதுக்கொரு சாமியா?"

கோடு பாதியைத் தாண்டியது.  அப்போது சுப்பண்ணன் கையில் பொரித் தட்டோடு உள்ளே வந்தார். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார். விஷயத்தில் பாதியை வாசலிலேயே சசிகுமார் சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

"எந்தப் பொத்தானு?" என்றார்.

"மாமா, வேண்டாமுங்க. நானே..."

"நீ தொடாத. எதுன்னு மட்டும் காட்டு."

"வலது பக்கம் இருக்கறதுங்க."

"ஏனுங்க" என்றாள் சின்னாத்தாள்.  "அன்னைக்கும் இதே மாதிரி அவசரம்னுதான சொன்னீங்க."

சுப்பண்ணன் இடது கையைத் துண்டுக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டு வலது கையை மவுசின் மேல் வைத்தார்.  அம்பு திரையில் அங்கும் இங்கும் ஓடியது. யாழினி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ மாமா, இன்னும் கொஞ்சம்" என்று வழிகாட்டினாள். அழுத்தினார். பெட்டி மறைந்தது.

சின்னாத்தாள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட யாழினிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பின் சுப்பண்ணன் அந்த அறையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெட்டி வரும்; அழுத்துவார். ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேர்த்திருந்தது.

"ஒன்னும் ஆகலீங்களே மாமா" என்றாள் யாழினி, அவரையும் தன்னையும் தேற்றிக்கொள்வதற்காக.

அவர் ஸ்டூலோடு அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கும் ஒன்னும் ஆகல அம்மிணி. பூசையன்னிக்கு ராத்திரி வரைக்கும் வெட்டுனேன். ஒரு கீறல் இல்ல. இவ சும்மா பயப்படறான்னு சிரிச்சேன்." துண்டுக்குள் இருந்த கை அசைந்தது. "மறுநாள் காலைலதான் போச்சு. விசயதசமி. மிசின் போட்டு, துணிய அடுக்கி ரண்டாவது லேயர் வெட்டறப்பவே."

 இது யாழினிக்குத் தெரியாது. இத்தனை நாளும் விரல்கள் அன்றைக்கே போயின என்று நினைத்திருந்தாள். மறுநாள் என்றால் நாளை. நாளைக் காலையில் புது மெஷினில் உட்காரப் போவது சசிகுமார்.

பக்கத்துக் கம்பெனிக்காரர் பூஜைக்குக் கூப்பிட வந்தார். போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார் என்று சுப்பண்ணன் கிளம்பினார். சசிகுமார் நூல் கோன் வாங்க நல்லூருக்குப் போயிருந்தான். அதன்பிறகு யாழினிதான் அழுத்தினாள். முதல் தடவை தொட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்தடுத்த தடவைகளில் மூடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சசிகுமாரின் கை நினைவுக்கு வந்தது. நீளமான விரல்கள் அவனுக்கு. மெஷினில் ஊசி இறங்குகிற இடத்தில் துணியை நீவிவிடுகிற பழக்கம் வேறு.

நடுவில் ஒரு தடவை, இந்த வாத்து போய்த் தொலைந்தால்தான் என்ன என்றுகூட நினைத்துவிட்டாள். நினைத்ததும் பயந்துபோய் வேகமாக அழுத்தினாள்.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் சின்னாத்தாள் வந்தாள். காலையில் கட்டிய புடவையே இன்னும் கலையாமல் இருந்தது.

"காலைல இருந்து ஒன்னும் திங்கல நீ. போய்ச் சாப்புடு."

"இத உட்டுட்டு வர முடியாதுங்க அத்தை."

"நான் இருக்கறேன். எதுன்னு காட்டு."

யாழினி நம்பமுடியாமல் அவளைப் பார்த்தாள். சின்னாத்தாளின் முகத்தில் கோபம் இல்லை. மனம் இறங்கிவிட்டாள், மகனுக்காகவும் மருமகளுக்காகவும் தன் சட்டத்தைத் தானே விட்டுக்கொடுக்க வந்திருக்கிறாள் என்று யாழினி நினைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பெட்டி எங்கே வரும், கோடு எப்படி ஊரும், வலது பக்கப் பொத்தான் எது என்று விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். சின்னாத்தாள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"இடது பக்கத்துல இருக்கறதத் தொட்டறக் கூடாதுங்க."

"செரி. போய்ட்டு வா."

வீட்டுக்குள் நுழைந்ததும் பசி கண்ணை மறைத்தது. சாதத்தைப் போட்டுக்கொண்டு நின்றபடியே அள்ளிப் போட்டாள். வேலையாட்களின் பிள்ளைகள் பொரி கேட்டு வாசலில் நின்றார்கள். அவர்களுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு யாரோ தன் தலையிலிருந்து சுமையை இறக்கி வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. கை கழுவிக்கொண்டு வேகமாக ஆபீஸுக்கு நடந்தாள்.

சின்னாத்தாள் ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

திரையில் வாத்து இல்லை.

கம்ப்யூட்டரைப் புதிதாகப் போட்டால் வருகிற பச்சை மேடும் நீல வானமும் இருந்தன. மஞ்சள் கேடயத்தையும் காணவில்லை. குறுக்கே போட்ட பூ கொஞ்சம் வாடியிருந்தது.

"அத்தை" என்றாள் யாழினி. "அந்தப் பெட்டி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"அமுத்துனீங்களா?"

"இல்ல."

"பொத்தான் தெரியலீங்களா? மறந்துட்டீங்களா? கோடு வேகமா ஓடிருச்சுங்களா?" சின்னாத்தாள் ஒன்றையாவது பிடித்துக்கொள்ள மாட்டாளா என்று யாழினி ஒவ்வொரு காரணமாக எடுத்துக் கொடுத்தாள்.

"வலது பக்கம். நீ சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது" என்றாள் சின்னாத்தாள். "அந்தக் கோடு ஊந்துட்டே போச்சு. பாத்துட்டே உக்காந்திருந்தேன். நான் ஒன்னும் தொடல கண்ணு. தெரிஞ்சுதான் உட்டேன்."

யாழினி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அத்தை?"

"நாளைக்கு அந்த மிசின்ல கை வெக்கப் போறது என்ற பையன்." சின்னாத்தாளின் குரல் உடைந்தது. "ஒரு தடவ அந்த ரத்தத்தத் தொடச்சவ நானு. கட்டிங் டேபிளுக்கடியில கெடந்த வெரலத் துணில பொறுக்கி எடுத்தவ நானு. பூசையன்னிக்குத் தொட்டது தொட்டதுதான். இன்னைக்கு எத்தன தடவ தொட்டீங்க? இந்த வாத்து இல்லீன்னா நாளைக்கு மிசின் ஓடாது. ஓடலீன்னா அவன் உக்கார மாட்டான். எனக்கு வேற தெரியல."



"உன்ற வேலையக் கெடுத்துப்போட்டேன்" என்றாள் மறுபடி. "உன்ற மாமாகிட்டயும் அவன்கிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீ கெடுத்தீன்னு ஒருத்தரும் சொல்ல வேண்டாம்."

யாழினிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்தவள் அவள். ஆபீஸ் நாற்காலி அவள் கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் மத்தியானம் தானும் ஒரு நொடி இதையே விரும்பினோமே என்ற நினைவு வந்துவிட்டது. இந்தக் கிழவி செய்ததைத்தான் தன் மனசும் கேட்டது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. சசிகுமார்.

"யாழினி, நூல் எல்லாம் வாங்கிட்டேன். மெக்கானிக் கேக்கறாரு, காலைல நேரமே கெளம்பி வரட்டுமான்னு. அப்பறம் பையர் ஆபீஸ்ல இருந்தும் கூப்புட்டாங்க. சாம்பிள் உறுதியான்னு கேக்கறாங்க. டிசைன் இருக்குதல்ல?"

யாழினி மாமியாரைப் பார்த்தாள். சின்னாத்தாள் எழுந்து கையை நீட்டினாள், போனைக் கொடு, நானே சொல்லிவிடுகிறேன் என்பதுபோல.  மகனிடம் சொல்லிவிட்டால், அவனும் அவன் அப்பாவும் இந்த வீட்டில் இனி அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"யாழினி, கேக்குதா? டிசைன் இருக்குதல்ல?"

"இருக்குதுங்க" என்றாள் யாழினி.

"செரி, அப்ப உறுதின்னு சொல்லீர்றேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

சின்னாத்தாள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

யாழினிக்குத் தெரியவில்லை. மாமியாரைக் காப்பாற்றவா, நாற்காலியைக் காப்பாற்றவா, இரண்டு பேருக்கு நடுவில் வாய்க்கு வந்ததைச் சொன்னாளா, அவளுக்கே விளங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையர் அனுப்பிய வாத்துப் படம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. புரோகிராமைத் திறந்தாள். நல்லவேளையாகத் திறந்தது. வெள்ளையாக ஒரு வெற்றுச் சதுரம் வந்து நின்றது. ஒரு வாரம் போட்டதை விடிவதற்குள் போட்டாக வேண்டும்.

"மறுபடி வரைஞ்சீன்னா நாளைக்கு அவன் உக்காருவான்" என்றாள் சின்னாத்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று.

"ஆமாங்க."

"வரையலீன்னா உனக்கு இந்த நாற்காலி இல்ல."

"ஆமாங்க அத்தை."

சின்னாத்தாள் போய் ஆபீஸ் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து நின்றாள், உட்காரவில்லை. மருமகளின் தோளில் கை வைத்தாள். தடுக்கிற கையா, தட்டிக்கொடுக்கிற கையா என்று யாழினிக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

வாத்தின் முதல் தையலை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்பை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்தத்தான் விரல் வரவில்லை.